கடைக்குறைத் தேடல்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

இணையவழி நூலகப் பட்டியலில் ஒரு சொல்லின் ஈற்றை விட்டுவிட்டு, அவ்விடத்தில் உடுக்குறியை (*) இட்டு, அதே தொடக்கமுடைய சொற்கள் அனைத்தையும் ஒருங்கே தேடும் முறைக்குத் 'துணிப்புத் தேடல்', 'வெட்டுத் தேடல்' என்னும் இரண்டு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் வெட்டுகிற செயலைச் சொல்கின்றனவே தவிர, சொல்லின் எவ்விடத்தில் வெட்டுவது என்பதைச் சொல்லவில்லை. தமிழில் தேடுபவருக்கு அந்த இடம்தான் முழுச் சிக்கலும் என்பதால், 'கடைக்குறைத் தேடல்' என்பதை முன்மொழிகிறேன்.

நான் உடனிருந்த ஒரு தேடலே இதற்குக் காரணம். மண்டபம் பக்கத்து மாணவி ஒருவர், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார். அவருடைய தாயாரும் பாசி எடுக்கப் போகிறவர்தான். அந்த மாணவி 'கடல்*' என்று தேடினார். தலைப்பில் 'கடல்பாசி' என்று உள்ள நூல்கள் வந்தன. 'கடற்பாசி' என்று உள்ளவை வரவில்லை, 'கடலோர' என்று தொடங்குபவையும் வரவில்லை. முன்னதற்குக் காரணம் புணர்ச்சி: லகரம் றகரமாகத் திரிந்துவிட்டது. பின்னதற்குக் காரணம் ஒருங்குறி (யூனிகோடு), அதாவது கணினி எழுத்துகளைக் குறியீடுகளாகச் சேமிக்கும் முறை. அதில் 'கடல்' என்பது க, ட, ல, புள்ளி என நான்கு குறியீடுகள். 'கடலோரம்' என்பதில் லகரத்தை அடுத்துப் புள்ளிக்கு மாறாக ஓகாரக் குறி நிற்கிறது. குறியீடுகளை வரிசையாக ஒப்பிடும் பட்டியலுக்கு அவ்விரு சொற்களும் நான்காம் இடத்திலேயே பிரிந்துவிடுகின்றன. ரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதிய பட்டியல்களில் இந்த இரண்டாம் இடர் இல்லை, ஏனெனில் அங்கே மெய்யும் உயிரும் தனித்தனி எழுத்துகள்.

ஆகவே புள்ளியையும் நீக்கிக் 'கடல*' எனக் குறைக்க வேண்டும். அப்போது கடல்பாசி, கடலோரம், கடலடி எல்லாம் வரும். கடலைச் சாகுபடியும் கடலூர் வரலாறும் கூடவே வரும். 'கட*' என்று மேலும் குறைத்தால், கரைவலை மடியில் செத்தையும் சேர்ந்து ஏறுவதைப் போல, கடன், கடவுள், கடிதம் என்று வேண்டாதவை எல்லாம் ஏறிவிடும். 'கடல*', 'கடற்*' ஆகிய இரண்டையும் 'அல்லது' கொண்டு இணைத்து, நூல் எதைப் பற்றியது என்று பதியும் பொருள் தலைப்புப் புலத்துக்குள் மட்டும் தேடிய பிறகே அந்த மாணவிக்கு முடிவுகள் கைக்கு அடங்கின. மகர ஈற்றுச் சொற்களில் மகரத்தையே விட்டுவிடலாம். 'பவள*' என்றால் பவளமும் பவளப்பாறையும் வரும். 'மீன்*' என்பதில் மீன்வளம் வரும், மீனவர் வரமாட்டார். 'மீன*' என்றால் இருவகையும் வரும்.

எவ்விடத்தில் குறைப்பது என்பதை நம் இலக்கணம் முன்பே வகுத்துப் பெயரிட்டிருக்கிறது. ஒரு சொல் முதல், இடை, கடை ஆகிய மூன்று இடங்களிலும் குறையலாம் என்கிறது நன்னூல்: தாமரை 'மரை' என்றாவது முதற்குறை, ஓந்தி 'ஓதி' என்றாவது இடைக்குறை, நீலம் 'நீல்' என்றாவது கடைக்குறை. பட்டியல் தேடலுக்கும் இம்மூன்றும் தேவைப்படுகின்றன. எங்கள் கடற்கரையில் ஒரே ஓர் ஊரின் பெயர் போதும். இராமேஸ்வரம், இராமேசுவரம், ராமேஸ்வரம் என்று நூலுக்கு நூல் மாறுவதை ஒரே தேடலில் பிடிக்க முதற்குறையும் இடைக்குறையும் சேர்ந்து வேண்டும். தேவிபட்டினம், பெரியபட்டினம் போன்ற ஊர்களை ஒருங்கே காண '*பட்டினம்' என்னும் முதற்குறை வேண்டும். (பட்டியல் தேடப் பயன்படுத்தும் சொல்லடைவாகிய சுட்டி பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்திலிருந்தே அடுக்கப்படுவதால், முதற்குறைத் தேடலைப் பல பட்டியல்கள் ஏற்பதில்லை. அங்கே பெயர்களைத் தனித்தனியே எழுதி 'அல்லது' இடுவதே வழி.) 'வெட்டு' என்றோ 'துணிப்பு' என்றோ கொண்டால் மூன்றுக்கும் மூன்று அடைமொழிகளைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.

'குறை' என்றால் பயனர் குறைபாடு என்று கொள்வாரே என்னும் மறுப்பை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆயினும் 'தொகைக்குறைப்பு', 'விலைக்குறைப்பு' என்பவற்றில் எவரும் பழுதைக் காண்பதில்லை. வேண்டுமானால் பொத்தானில் 'கடைக்குறைப்பு' என்று எழுதலாம். இன்னொரு மறுப்பு வலுவானது: இலக்கணக் கடைக்குறை குறைந்த பின்னும் ஒரே சொல்லைக் குறிக்கிறது, தேடலில் குறைத்த வடிவமோ பல சொற்களுக்கு நிற்கிறது. வேறுபாடு உண்மையே. அதனால்தான் 'கடைக்குறை' என்று தனியே விடாமல் 'தேடல்' என்பதைச் சேர்க்கிறேன். தேடுபொறி தானாகவே விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைக் காண்பது வேறு செயல். 'அடிச்சொல் தேடல்' என்னும் பெயரை அதற்கென்று விட்டுவைப்போம்.

தீராத ஒன்று இருக்கிறது. இடைக்குறையில் ஒரே ஓர் எழுத்துக்கு நிற்கும் குறியை 'ஓரெழுத்துக் குறி' என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். 'ஸ்' என்பதும் 'சு' என்பதும் நமக்கு ஓரெழுத்து. பொறிக்கோ இரண்டிரண்டு குறியீடுகள். இராமேஸ்வரத்தைப் பிடிக்க அந்தக் குறியை இருமுறை இட வேண்டியிருக்கையில் அதற்கு 'எழுத்து' என்னும் பெயர் பொருந்துமா, 'ஒற்றைக் குறியீட்டுக் குறி' என்பதுதான் சரியா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.