டேங்க் வற்றி நின்ற டீசல் இன்ஜின் பிடிக்கவில்லை, ஏன்?

கேள்வி:
கிணற்றுக்கு 5 எச்.பி. ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், ஹேண்டில் போட்டுச் சுற்றும் வகை. டேங்க் வற்றி நின்றுவிட்டது. டீசல் ஊற்றி எவ்வளவு சுற்றியும் பிடிக்கவில்லை, புகைகூட இல்லை. பெட்ரோல் பம்ப்செட் ஊற்றியதும் ஓடுகிறதே, இதற்கு மட்டும் ஏன் இப்படி?

பதில் 1:
டீசல் வரும் பைப்பில் ஏர் (காற்று) பிடித்திருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) கிண்ணம் நிறைந்தால் போதும். காற்றோடு கலந்து போன பெட்ரோலை பிளக்கின் பொறி பற்றவைக்கும். டீசலில் பிளக்கே கிடையாது. பிஸ்டன் வெறும் காற்றை 16 முதல் 18 மடங்கு நெருக்கும். அதிலேயே காற்று 500 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில், நாஸில் என்ற நுண்துளை முனை பீய்ச்சும் டீசல் தானாகப் பற்றுகிறது. பெட்ரோல் கலவையை இவ்வளவு நெருக்கினால் பொறிக்கு முன்பே வெடித்துத் தட்டும். அதனால்தான் அங்கே 8 முதல் 11 மடங்கோடு நிறுத்துகிறார்கள்.

நாஸில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். நாஸிலுக்கு டீசலைத் தள்ளும் பம்ப் ஒரு தடவை தள்ளுவதோ துளியளவுதான். பைப்பில் காற்று இருந்தால் அது பஞ்சுபோல அமுங்கிக் கொடுக்கும், நாஸில் ஊசி எழும்பாது.

பதில் 2:
ஏர் எடுக்கும் முறை: டேங்க் வால்வைத் திறந்து, முதலில் ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். பிறகு டீசல் பம்பில் உள்ள ஸ்க்ரூவிலும் இதேபோல் செய்யுங்கள். கடைசியாக நாஸில் பக்கத்துப் பைப் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, டீகம்ப்ரஷன் லீவரைத் (வால்வைத் திறந்து வைத்து, காற்று நெருங்காமல் சுலபமாகச் சுற்றவிடும் லீவர்) தூக்கிவைத்துச் சுற்றுங்கள். டீசல் விட்டு விட்டுக் கசிந்ததும் இறுக்கிவிட்டு மறுபடி சுற்றினால் நாஸிலில் ‘க்ரீக்’ என்று சத்தம் கேட்கும். அது கேட்டபின் வேகமாகச் சுற்றி லீவரை விடுங்கள். நாஸில் பீய்ச்சும் இடத்தில் விரல் வைக்கவே கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
காற்றுக் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் விட்டால் பிடிக்காதா?

பதில் 2:
வேண்டவே வேண்டாம். பிஸ்டன் மேலே வரும் முன்பே அது பற்றி, இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும்; ஹேண்டில் மணிக்கட்டை முறித்துவிடும். டேங்கிலும் கலக்காதீர்கள். பம்புக்கும் நாஸிலுக்கும் டீசலின் வழவழப்பே மசகு.

பதில் 3:
ஏர் எடுத்தபின் வெள்ளைப் புகை மட்டும் வந்தால் டீசல் போகிறது, சூடு போதவில்லை என்று அர்த்தம். லீவரை விட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கை தடுக்காமல் சுலபமாகச் சுற்றினால் கம்ப்ரஷன் (நெருக்கிய காற்று) கசிகிறது: வால்வு கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் மூடிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு), பிஸ்டன் ரிங் என்ற வரிசையில் பாருங்கள்.