கோயில் கொடை சீசனுக்கு சாம்ப்ளர்: இப்பவே வாங்கவா, காத்திருக்கவா?

அண்ணன்மாரே, தக்கலை பக்கம் ஒரு வில்லுப்பாட்டு குழுவுல சவுண்டு நான்தான் பாக்கேன். குடமும் உடுக்கும் கையால வாசிக்கதுதான், அது மாறாது, ஊடால சங்கு, குலவை, குதிரைக் குளம்புச் சத்தம் போட லேப்டாப் வச்சிருக்கோம். போன ஆடியில இருந்து கதை உச்சத்துக்கு வரும்போது சத்தம் விட்டுவிட்டுக் கேக்குது, கரண்டு போயி ஜெனரேட்டர் மாறுனா மிக்சர் வந்துரும், லேப்டாப் ஆடியோ திரும்ப வராது. அதான் லேப்டாப்புக்குப் பதிலா சாம்ப்ளர் (பதிவு பண்ணி வச்ச சத்தத்த, பேடுன்னு சொல்லுற பட்டையைத் தட்டினா போடுற தனிப் பெட்டி) வாங்கலாம்னு பாக்கேன்.

லேப்டாப்ல பஃபர் (சத்தத்த வெளிய விடுறதுக்கு முன்னால சேத்து வைக்கிற அளவு) 128-ல இருந்து 512 ஆக்கியாச்சு, விட்டுப்போறது குறைஞ்சுது ஆனா பேடு தட்டினா லேட்டா கேக்குது, உடுக்கு கூட சேரவே இல்ல. கேபிள் மாத்தியாச்சு, வைஃபை ஆஃப் பண்ணியாச்சு. போன் ஆப்பும் பாத்தாச்சு, பந்தல் சூட்டுல போன் திணறுது. நாகர்கோவில், திருவனந்தபுரம் கடையில தட்டிப் பாக்க ஒரு பீஸ் கூட இல்ல.

ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2 2021-ல வந்தது, ஆறு ஏஏ பேட்டரியிலயும் ஓடும், உள்ள 16 ஜிபி, அதான் மனசுல நிக்குது. ஆக்காய் எம்பிசி லைவ் 2-லயும் பேட்டரி உண்டு, ஆனா விலை எட்டாது. எலெக்ட்ரான் டிஜிடாக்ட் 2 நல்ல பெட்டி, பேட்டரி இல்லாததால எங்களுக்கு ஆகாது. இனி வர்ற மெஷின்ல பேட்டரியும், வெயில்ல தெரியுற ஸ்கிரீனும், அடுத்த கதைக்கு மாறும்போது சத்தம் நிக்காம இருக்கதும் கண்டிப்பா வேணும், மத்ததெல்லாம் அப்புறம்.

சித்திரை கொடைக்குள்ள கையில வேணும். மேடையில வாசிக்கவங்க சொல்லுங்க, எஸ்பி-404 எம்கே2 இப்பவே எடுக்கவா, அடுத்து வர்ற மாடலுக்கு காத்திருக்கவா?