‘ஹேவ்’ எங்கே வரும், எங்கே வராது? விளக்கம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு ஆங்கிலக் காலங்களைச் சொல்லிக்கொடுக்கையில், சிம்பிள் பாஸ்ட்டுக்கும் (‘வென்ட்’ போன்ற வடிவம்) பிரசன்ட் பெர்ஃபெக்ட்டுக்கும் (‘ஹேவ்’, ‘ஹேஸ்’ சேர்ந்து வரும் வடிவம்) உள்ள வேறுபாட்டில் நாங்கள் இருவருமே தடுமாறுகிறோம். ‘2019இல் மதுரைக்குப் போயிருக்கிறேன்’ என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். அவள் அதை அப்படியே ‘ஐ ஹேவ் கான் டு மதுரை இன் 2019’ என்று எழுத, ஆசிரியர் சிவப்பு மையால் ‘ஹேவ் கான்’ என்பதை அடித்து ‘வென்ட்’ என்று திருத்தியிருந்தார். முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேவ்’ வராது என்பது வரை புரிகிறது. ஆனால் ஆண்டைச் சொல்லாமல் விட்டாலும், போய்த் திரும்பிவந்ததைச் சொல்ல ‘ஹேவ் கான்’ என்று எழுதாமல் ‘ஹேவ் பீன்’ என்றே எழுத வேண்டுமாம். ‘ஹேஸ் கான்’ என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை என்று பொருளாம். நம்முடைய ‘போயிருக்கிறார்’ இரண்டுக்குமே பொருந்துவதுதான் இந்தக் குழப்பத்தின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘திஸ் மார்னிங்’ இன்னும் சிக்கலாக இருக்கிறது. காலை பத்து மணிக்குப் பேசும்போது ‘ஹேவ்’ வரலாம், மாலையில் பேசும்போது வராது என்பது சரிதானா? விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், தமிழ் வாக்கியங்களை வைத்தே இதை விளக்கும் முறையோ பயிற்சித்தாளோ உங்களிடம் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள். அடுத்த வாரம் அவளுக்குத் தேர்வு.