மருந்துக்குக் கேட்ட கட்டி, கேட்காத கட்டி: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

திருச்சி மகன்:

அப்பாவுக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி. அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்து என்று எல்லோரும் போகும் பாதைதான். இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என்னை இன்னும் உறுத்துவது ஒரே ஒரு மாலை.

அறுவை முடிந்த மூன்றாம் வாரம் எம்.ஜி.எம்.டி. அறிக்கை வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். தங்கை திறந்து, "மெத்திலேற்றம்: இல்லை" என்று சத்தமாகப் படித்திருக்கிறாள். இல்லை என்றால் நல்லதுதானே? காசநோய் இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, கொரோனா இல்லை என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வீடு. அம்மா உடனே கேசரி கிளறிவிட்டாள். அப்பா பழைய எம்.ஜி.ஆர். ரசிகர். "பெயரிலேயே பாதி வாத்தியார் இருக்கிறார், கைவிடுவாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பஸ்ஸில் வரும்போதே படித்துவிட்டேன். டெமோசோலோமைடு கட்டியின் டி.என்.ஏ.வில் ஒரு மெத்தில் துணுக்கை ஒட்டவைத்துச் சேதப்படுத்துகிறது. எம்.ஜி.எம்.டி. என்ற நொதி அதைப் பிடுங்கி எறிந்து சரிசெய்கிறது. அந்த நொதிக்கான மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஏற்கெனவே மெத்தில் துணுக்குகள் ஒட்டியிருந்தால் (அதுதான் மெத்திலேற்றம்) மரபணு பூட்டிக் கிடக்கும், நொதி உருவாகாது, மருந்து வேலை செய்யும். எங்களுக்குப் பூட்டு இல்லை. 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இந்த மருந்தோடு கதிர்வீச்சும் பெற்றவர்களில் பூட்டு இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், இல்லாதவர்களுக்கு 12.7 மாதம்.

கதவைத் திறந்தால் தட்டில் கேசரி. முழுவதும் சாப்பிட்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

குழாய்த்தட்டு:

தம்பி, முதலில் ஒரு திருத்தம். பூட்டு இல்லை என்றால் மருந்து வீண் என்று நீங்கள் முடிவுகட்டியது போலத் தெரிகிறது. அதே ஆய்வில், பூட்டு இல்லாதவர்களில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்கள் இரண்டு ஆண்டு கடந்தது 2 சதவீதத்துக்கும் குறைவு. மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 13.8 சதவீதம். பெரிய எண் இல்லைதான். ஆனால் பூஜ்யமும் இல்லை. கேசரிக்கு நீங்கள் இவ்வளவு வருந்த வேண்டாம்.

என் கதை ஆய்வகத்தில் நடந்தது, நோயாளி யாரும் இல்லை. 2009. இரண்டு குடுவைகள். ஒன்றில் எம்.சி.எஃப்-7 மார்பகப் புற்று செல்கள், இன்னொன்றில் அதிலிருந்து டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்துக்குப் பழக்கி எடுத்ததாகச் சொல்லப்பட்ட செல்கள். டாக்ஸோரூபிசினுக்குச் சாயம் தேவையில்லை, தானே ஒளிரும். இருட்டறையில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால், முதல் குடுவையின் செல்களில் உட்கருக்கள் தணல் போலச் சிவந்து கிடக்கின்றன. இரண்டாவதில் இருட்டு. மருந்து உள்ளே போவதும், செல்லின் சவ்வில் இருக்கும் பி-கிளைகோபுரதம் அதை வாரி வெளியே இறைப்பதுமாக இருக்கிறது. அந்தப் புரதத்தைச் செய்யும் ஏபிசிபி1 என்ற மரபணு அளவுக்கு மீறி வெளிப்பட்டதன், அதாவது மும்முரமாக வேலை செய்ததன், விளைவு. ஓட்டைப் படகில் நீரை இறைப்பதுபோல. இங்கே படகோட்டி புற்றுநோய்.

பிறகு வெராபமில் சேர்த்தேன். ஆமாம், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். அது இறைப்பானை அடைத்துவிடும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இருட்டாக இருந்த உட்கருக்கள் ஒவ்வொன்றாகச் சிவக்கின்றன. கத்திவிட்டேன். காவலாளி வந்து கதவைத் தட்டினார்.

அது மட்டும் என்றால் இங்கே எழுதியிருக்கமாட்டேன். அந்த இரண்டாவது குடுவை மார்பகப் புற்றே இல்லை. ஓவ்கார்-8 என்னும் சூலகப் புற்று செல்லின் வழி வந்தது. எங்கோ, யாரோ, என்றோ குடுவை மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அதற்குப் பெயரையே மாற்றி வைத்திருந்தது. நாங்கள் பழைய பெயரோடு பல ஆண்டுகள் வளர்த்துக்கொண்டிருந்தோம். தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. தாய் செல்லும் பிள்ளை செல்லும் என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டு எழுதியிருந்தேன். ஒன்றுக்கொன்று உறவே இல்லை.

பல்லாவரத்து அத்தை:

நீங்கள் எல்லோரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். என்னுடையது முடி பற்றியது.

58 வயதில் மார்பகத்தில் கட்டி. ஹார்மோன் ஏற்பி உண்டு, ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இல்லை, நிணநீர்க் கணுவில் பரவவில்லை. 21 மரபணுக்கள் எவ்வளவு வெளிப்படுகின்றன என்று பார்த்து 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் சோதனைக்கு, மெழுகில் பதித்து வைத்திருந்த என் கட்டியின் துண்டு, அதாவது பாரஃபின் கட்டை, கலிஃபோர்னியா போனது. நான் திருப்பதி தாண்டிப் போனதில்லை. மகன் பணம் கட்டினான். எவ்வளவு என்று சொல்ல மறுத்துவிட்டான், நானாக விசாரித்ததில் லட்சங்கள்.

அறிக்கை வருவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. கொட்டப்போகிற முடிதானே என்று அழகு நிலையம் போய் ஒட்ட வெட்டிக்கொண்டேன். நான்கு நாள் கழித்து மதிப்பெண் வந்தது: 14. பள்ளிக்கூடத்தில் 14 வாங்கியிருந்தால் என் அப்பா தோலை உரித்திருப்பார். டாக்டரோ சிரித்தார். 2018இல் வந்த டெய்லர்எக்ஸ் என்ற பெரிய ஆய்வைச் சொன்னார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றதாம். என் வயதில், என் வகைக் கட்டியில் 25 வரை மதிப்பெண் என்றால் கீமோ கொடுத்துப் பயனில்லை, ஹார்மோன் மாத்திரை போதும். ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு, அதை என்னைப் பார்த்து யாரும் பின்பற்ற வேண்டாம்.

இப்போது உறுத்தலைச் சொல்கிறேன். அறுவைக்குப் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரப் பெண். அவளுக்கும் இதே வகை, கிட்டத்தட்ட இதே அளவு. சோதனைக்குப் பணமில்லை. சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று கீமோவே கொடுத்துவிட்டார்கள். மாதங்கள் கழித்து மருத்துவமனை வராந்தாவில் பார்த்தேன். அந்தச் சிவப்பு மருந்து நான்கு முறை ஏறி, தலையில் துண்டு கட்டி, நகமெல்லாம் கறுத்திருந்தாள். என் குட்டை முடியைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கும் கொட்டி முளைக்கிறதா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆலோசகர் 58:

என் மைத்துனருக்குப் பெருங்குடலில் வந்தது. மாத்திரை கொடுத்தார்கள், ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்தினார்கள். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே யாரும் முறையாகச் செயல்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, பாரஃபின் கட்டை முக்கியம். மருத்துவமனையில் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள், ரசீதோடு. எல்லா அறிக்கைகளையும் தேதி வாரியாகத் துளையிட்டுக் கோப்பில் போடுங்கள். என் மைத்துனர் வீட்டில் அறிக்கைகள் அரிசி டப்பாவுக்கு அடியில் கிடந்தன. டாக்டரிடம் போகும்போது கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் போங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம், அவர்களுக்குப் பொறுமை இருக்காது. கூட ஒரு படித்த பிள்ளையை அழைத்துப் போங்கள். பப்பாளி இலைச் சாறு, கோமியம், சீத்தாப்பழ விதை என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். இரண்டாவது கருத்து கேட்பதில் வெட்கம் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கீமோ தொடங்கும் முன் கட்டியின் மரபணுக்கள் அத்தனையையும் ஒரே தடவையில் பார்த்துவிடுங்கள். என் மைத்துனருக்கு டி.பி.டி. குறைபாடு என்று பிறகுதான் தெரிந்தது. கட்டியை முன்பே சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். மருந்து கட்டிக்குக் கேட்குமா, உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா, இரண்டும் அந்த ஒரு துண்டில் இருக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை.

இரவுப்பணி:

யாரும் சொல்லாததற்குக் காரணம், அது தவறு என்பதுதான் ஐயா. நீங்கள் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகளை ஒரே கோப்பில் துளையிட்டுவிட்டீர்கள். டி.பி.டி. என்பது ஒரு நொதி, அதன் குறைபாடு பிறவியிலேயே வருவது. இரத்தத்தில் பார்க்க வேண்டும். பெருங்குடல் புற்றுக்குக் கொடுக்கும் கேப்சிடாபைன் மாத்திரை உடலுக்குள் 5-எஃப்.யு. என்ற கீமோ மருந்தாக மாறுகிறது. அதில் பெரும்பகுதியைக் கல்லீரலில் இருக்கும் இந்த நொதிதான் சிதைத்து அப்புறப்படுத்துகிறது. கட்டிக்குள் இந்த நொதி மிகுந்தால் மருந்து சிதையும். கல்லீரலில் குறைந்தால் ஆள் சிதைவார்.

புற்றுநோய்ப் பிரிவில் பத்தொன்பது ஆண்டு செவிலியாக இருக்கிறேன். ஒருவர், ஐம்பது வயது இருக்கும், முதல் சுற்று மாத்திரை. நான்காம் நாள் இரவு அவர் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு வாயெல்லாம் புண் என்றார். நான்தான் எடுத்தேன். "வரும் அம்மா, உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லுங்கள், காலையில் டாக்டரைப் பாருங்கள்" என்றேன். நூறு பேரிடம் சொன்ன அதே வாக்கியம். ஐந்தாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் "தண்ணீர் = தீ" என்று எழுதி என்னிடம் நீட்டினார். வெள்ளையணுக்கள் அதலபாதாளத்தில்.

பிழைத்துக்கொண்டார், இருபத்திரண்டு நாள் ஆனது. ஐரோப்பிய மருந்து முகமை 2020இலேயே இந்த மருந்துகளுக்கு முன் டி.பி.டி. சோதனையைப் பரிந்துரைத்துவிட்டது. இப்போது முதல் சுற்றில் யாராவது தொலைபேசியில் வாய்ப்புண் என்று சொன்னால் எத்தனையாவது நாள் என்றுதான் முதலில் கேட்கிறேன். வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால் காலைவரை காத்திருக்கச் சொல்வதில்லை.

அத்தை, நீங்கள் தலையாட்டியது பரவாயில்லை. அந்த வராந்தாவில் எல்லோரும் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வரிசை எண்:

குழாய்த்தட்டு அண்ணன் குடுவை மாறியதைச் சொன்னார். எனக்கு வரிசை மாறியது.

மரபணு வெளிப்பாட்டு அட்டவணைகளோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். ஒருமுறை மருந்துக்குக் கேட்காத செல்களில் எந்த மரபணு உயர்ந்திருக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். ஏபிசிபி1 முதலிடத்தில் வர வேண்டும், அதற்காகவே வளர்த்த செல்கள். வந்ததோ ஏபிசிபி10. புதுக் கண்டுபிடிப்பு என்று அரை நாள் மிதந்தேன். மேலதிகாரிக்கு மின்னஞ்சல்கூட எழுதி வைத்துவிட்டேன், அனுப்பும் முன் காபி குடிக்கப் போனதால் தப்பித்தேன். தலைப்பு வரியையும் ஒரு மரபணுவாக எண்ணியதில் பட்டியல் முழுவதும் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. அகரவரிசையில் ஏபிசிபி1க்கு அடுத்தது ஏபிசிபி10.

இதைச் சொல்வதற்குக் காரணம் டியூக் பல்கலைக்கழக விவகாரம். 2006இல் அங்கிருந்து ஒரு கட்டுரை வந்தது: 60 புற்று செல் வகைகளின் மரபணு வெளிப்பாட்டைப் பார்த்தே எந்த நோயாளிக்கு எந்தக் கீமோ கேட்கும் என்று சொல்லிவிடலாம் என்று. ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மையத்தின் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளியிருந்தது. சில இடங்களில் "கேட்கும்", "கேட்காது" என்ற முத்திரைகளே தலைகீழாக இருந்தன. அதை நம்பி நோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் சோதனைகளும் நடந்துகொண்டிருந்தன. 2010இல் நிறுத்தினார்கள், 2011இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பேகர்லியின் உரையைக் காணொளியில் பார்த்தேன். குரலை உயர்த்தாமல் ஒவ்வொரு வரியாகக் காட்டுகிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

குழாய்த்தட்டு அண்ணனிடம் ஒரு கேள்வி. உங்கள் முடிவுகளில் ஒரு பிழையும் இல்லை, பெயர்தான் தவறு என்கிறீர்களா?

குழாய்த்தட்டு:

இல்லை. இறைப்பான் இறைத்தது உண்மை, வெராபமில் அடைத்ததும் உண்மை. ஆனால் மார்பகப் புற்று இப்படித்தான் எதிர்ப்பு பெறுகிறது என்று நான் எழுதிய அத்தியாயத்தைக் கிழித்தேன். கொசுறாக இன்னொன்று: இறைப்பானை அடைத்தால் நோயாளிகள் பிழைப்பார்கள் என்று பலர் முயன்றார்கள், பெரும்பாலும் கைகூடவில்லை. குடலிலும் மூளையின் இரத்தக் குழாய்களிலும் அதே இறைப்பான் நமக்காகவும் வேலை செய்கிறது. அடைத்தால் நமக்கும் நஞ்சு ஏறும்.

பல்லாவரத்து அத்தை:

திருச்சித் தம்பி, அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

திருச்சி மகன்:

இல்லை அத்தை. பதினான்கு மாதம் இருந்தார். கடைசிவரை அந்த அறிக்கையை நல்ல அறிக்கை என்றே நினைத்திருந்தார் என்று நம்புகிறேன்.

ஆலோசகர் ஐயா, நீங்கள் சொல்வதற்கு முன்பே பாரஃபின் கட்டையை வாங்கி வைத்திருக்கிறோம். பீரோவில், அவருடைய கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த வருட வெயிலுக்கு அது உருகிவிடுமா? அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

குழாய்த்தட்டு:

உருகாது தம்பி. அந்த மெழுகு உருகுவதற்குச் சுமார் 56 டிகிரி வேண்டும். திருச்சி வெயில் அவ்வளவு போகாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்றால் மட்டும் பீரோவைக் கீழே இறக்கிவிடுங்கள்.