வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்து முடிந்து வெளிக்கிட்ட அந்தக் கடைசி நாள்: உங்களுக்கு என்ன நடந்தது?

இரணைமடுக்காரன்:
நோர்வேயின் பேர்கன் நகரில் இருந்து வந்து ஏழு மாதம். ஒரு தேங்காய்க் கடன் இன்னும் கிடக்கிறது. ஜூன் மாதம், இரவு பத்தரை, வெளியில் எங்கட பின்னேரம் போல வெளிச்சம், விடிய விமானம். அறைப் பெடியன்கள் விட்டுப்போன வெறும் போத்தல்களை இரண்டு பையில் அள்ளிக்கொண்டு, வெறும் போத்தலுக்குக் காசுத் துண்டு தரும் கடை மெஷினுக்குப் போனேன் (சின்னதுக்கு 2 குரோனர், பெரியதுக்கு 3, போனவர்களுக்குத் தெரியும்). ஒரு கையால் போத்தலைப் போட்டுக்கொண்டே போனில் அம்மாவோடு கதை. ஊரில் அப்போது இரவு இரண்டு மணி, மகன் வரப்போகிறான் என்று அவவுக்கு நித்திரையில்லை. பின்னால் மூன்றே மூன்று போத்தலோடு நின்ற ஐயா, "தம்பி வன்னியோ?" என்றார். கிளிநொச்சி என்றேன். 87இல் மக்கள் உயர்பள்ளியில் (அங்கத்தைய ஒரு வருஷ விடுதிப் பள்ளி) படிக்கவென்று வந்தவராம், அந்தக் காலத்தில் எங்கட ஆட்கள் கனபேர் அந்த வழியால்தானே நோர்வேக்குள் போனது. "நானும் ஒரு வருஷம் படிக்கத்தான் வந்தனான்" என்றார். "நீர் உண்மையாத் திரும்பிப் போறீரோ?" இதை இரண்டு தரம் கேட்டார். பிறகு தன் மூன்று போத்தலையும் போட்டு, வந்த 8 குரோனர் துண்டை என் கையில் வைத்து, "முறிகண்டிப் பிள்ளையாருக்கு என்ர பேரில ஒரு தேங்காய் அடிச்சு விடும்" என்றார்.

கொழும்பு பஸ் முறிகண்டியில் நின்றபோது நான் நல்ல நித்திரை. சரி, அது வீட்டுக்குப் பக்கம்தான், பிறகும் போகலாம். ஆனால் அவருடைய பேரை நான் கேட்கவே இல்லை.

வவுனியாப் பெட்டை:
உங்களுக்குத் தேங்காய், எனக்கு மஞ்சள். ஜெர்மனி, குளிர்கால செமஸ்டர், பெப்ரவரி நடுவில் வகுப்பு முடிந்தது, மார்ச் கடைசியில் அறையை ஒப்படைக்கப் போனேன். விடுதிப் பொறுப்பாளர் அடுப்படித் தட்டில் இருந்த கறையை விரலால் தேய்த்தார், மணந்து பார்த்தார், தாளில் 'கெல்ப்' என்று எழுதினார், ஜெர்மனில் மஞ்சள் நிறம். ஆறு மாதம் நான் காய்ச்சிய பருப்பெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விட்டது. வைப்புப் பணத்தில் வெட்டினார்கள், அது போகட்டும். அந்த விரலை அவர் காற்சட்டையில் துடைத்த விதம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பழைய பறவை:
தங்கச்சி, மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து, இரண்டு நாள் நல்ல வெயில் பட்டால் தானாக மங்கும். அங்கே பெப்ரவரியில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்காதேயும். இனிப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: ஜெர்மனியை விட்டு வெளிக்கிட முன் நகர அலுவலகத்தில் உங்கள் விலாசப் பதிவை நீக்குங்கள், வைப்புப் பணம் வந்து சேரும்வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் புள்ளி (ஐரோப்பியப் பாடப் புள்ளிக்கணக்கு), அங்கே போய்ப் பாடம் மாற்றினால் பாட ஒப்பந்தத் தாளிலும் மாற்றி இரண்டு பல்கலைக்கழகங்களின் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாருங்கள். வந்த பிறகு மின்னஞ்சலில் கெஞ்சி ஒன்றும் நடக்காது. என்னுடைய ஒரு பாடம் இன்னும் கணக்கில் ஏறவில்லை. நான் போனது பின்லாந்து, கடைசி நாள் பனி, பஸ், அவ்வளவுதான்.

தம்பி இரணைமடு, அந்த ஐயாவை நினைத்து உருகாதேயும். போனவர்களுக்கு ஊர் மேல் ஆசை வருவது இப்படி மெஷினுக்கு முன்னால் நிற்கும்போதுதான்.

கச்சான்கடை:
அண்ணை, உங்களிடம் யார் புள்ளிக்கணக்குக் கேட்டது? 87இல் இங்கே இந்தியன் ஆமி. அந்த நேரம் வெளியில் நின்ற பெடியனை எந்தத் தாய் "வா" என்று கூப்பிட்டிருப்பா? ஆசை இல்லையாம்!
தம்பி, நான் வெள்ளிக்கிழமை முறிகண்டிப் பக்கம் போறன். உங்களுக்காக அடிச்சு விடவோ? பேர் தெரியாட்டிப் பரவாயில்லை, பிள்ளையார் விதானையாரே, பேர் பதிய?

இரணைமடுக்காரன்:
வேண்டாம் அண்ணை, நானே போறன். துண்டை இப்பத்தான் பேர்ஸில் இருந்து எடுத்துப் பார்த்தேன், கடைப் பேர், திகதி எல்லாம் அழிஞ்சு போச்சு. 8 மட்டும் தெரியுது.