கால் மிஷின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகுகிறது, எண்ணெய் விட்டும் சரியாகவில்லை

நூல்கண்டு
எல்லோருக்கும் வணக்கம். ‘சிங்கர் 15’ என்ற பழைய தையல் மிஷின் ஒன்று, காலால் மிதிப்பது, மர மேசையோடு கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ரொம்ப வருஷம் யாரும் தொடாமல் கிடந்தது. எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் மிஷின் ஆயில் விட்டேன், இரண்டு நாள் கழித்து மறுபடியும் விட்டேன். வீல் இப்போது சுற்றுகிறது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் கட்டிப் பிடிக்கிறது. காலால் மிதித்தால் அந்த இடத்தில் பெல்ட் வழுக்குகிறது, விட்டால் பின்பக்கமாக ஓடி நூலைச் சிக்கலாக்குகிறது.

இன்னொன்று: வீலின் நடுவில் இருக்கும் பெரிய திருகைத் தளர்த்தினால் வீல் மட்டும் தனியாகச் சுற்ற வேண்டும் அல்லவா? துடைப்பதற்காக அதைக் கழற்றி மாட்டிய பிறகு எவ்வளவு தளர்த்தினாலும் ஊசியும் சேர்ந்தே ஏறி இறங்குகிறது, பாபினில் (அடிநூல் உருளை) நூல் சுற்ற முடியவில்லை. மேசைப் பலகையிலும் ஒரு மூலையில் மேல் தோல் உப்பியிருக்கிறது. மிஷினில் பொறித்த வரிசை எண் ‘ஒய்’ எழுத்தில் தொடங்குகிறது, எந்தக் காலத்து மிஷின் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

பழைய சக்கரம்
முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமல் தலைக்கே (மேசை மேல் இருக்கும் தைக்கிற பாகம்) எண்ணெயை ஊற்றிக்கொண்டிருப்பார்கள், குறை கீழே இரும்புச் சட்டத்தில் இருக்கும். பெல்ட் இல்லாமல் தலையைக் கையால் சுற்றிப் பாருங்கள், அப்புறம் மிதியைத் தனியாக ஆட்டிப் பாருங்கள். எது இறுகுகிறது என்று சொல்லுங்கள்.

சுற்று முழுக்க ஒரே மாதிரி கனமாக இருந்தால் பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஹேர் டிரையரால் சூடு காட்டி, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, ஊறவிட்டு மெதுவாக அசைத்து, கடைசியில் மிஷின் ஆயில் விட வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் பிடித்தால் அது எண்ணெய் விஷயமே இல்லை, ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள்.

‘ஒய்’ என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. 1920-களோ 30-களின் முதல் பாதியோ. 1900-க்கு முந்தைய சிங்கர்களில் எழுத்தே இருக்காது, வெறும் எண்தான்.

நூல்கண்டு
பெல்ட் இல்லாமல் பார்த்தேன். மிதி நன்றாக ஆடுகிறது, நாலைந்து முறை தானாகவே ஆடி நிற்கிறது. தலைதான் இறுகுகிறது. பாபின் உட்காரும் ஷட்டிலைக் கழற்றினேன், பின்னால் கறுத்துப்போன நூல் துண்டு இரண்டு கிடைத்தது. எடுத்துவிட்டேன், ஆனாலும் பிடிப்பு போகவில்லை.

பழைய சக்கரம்
பிடிக்கும்போது ஊசி எங்கே இருக்கிறது? கீழே இறங்கும்போதா, துணியை விட்டு மேலே வந்த பிறகா?

நூல்கண்டு
மேலே வந்த பிறகு, அதுவும் துணியை நகர்த்தும் பல் எழும்புகிற நேரத்தில்.

பழைய சக்கரம்
அப்படியானால் ஊசித் தட்டின் இரண்டு திருகையும் கழற்றித் தட்டை எடுங்கள். பல் வரிசைகளுக்கு நடுவே பிசிறு சேர்ந்து எண்ணெயில் ஊறி, தட்டின் அடிப்பக்கத்தில் அழுந்தி அழுந்திக் கெட்டியாகிவிடும். பல் எழும்போது அதன் மேல் போய் முட்டுகிறது. பிரஷ் அதற்குப் போதாது, ஊசி முனையால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். நீங்கள் விட்ட புது எண்ணெயும் அதைத்தான் இன்னும் ஊற வைத்திருக்கும்.

பித்தளைத் திருகு
வீல் தனியாகச் சுற்றாததற்குக் காரணம் உள்ளே இருக்கும் வாஷர். எடுத்துப் பாருங்கள்: வெளிப்பக்கம் மூன்று காது, உட்பக்கம் இரண்டு சின்ன நாக்கு இருக்கும். நாக்குகள் உங்களைப் பார்த்து வெளியே வளைந்திருக்க வேண்டும். அப்படி இருந்தும் விடவில்லை என்றால் வாஷரை அரை வட்டம் திருப்பி மாட்டுங்கள், அப்போது திருகின் மேல் இருக்கும் குட்டித் திருகு வேறு இடத்தில் போய் நிற்கும். குட்டித் திருகைத் தளர்த்தாமல் பெரியதைத் திருகி எடுக்காதீர்கள், முனை முறிந்துவிடும் (நான் முறித்திருக்கிறேன்).

வீல் எப்போதும் உங்கள் பக்கமாகச் சுற்ற வேண்டும். முதல் சுற்றைக் கையால் கொடுத்துவிட்டு அப்புறம் மிதியுங்கள்.

மரத்தூள்
மேசைக்கு என் பங்கு. பழைய மேசைகளில் வெனீரை (நீங்கள் சொன்ன மேல் தோல், மெல்லிய மரத் தகடு) வஜ்ஜிரம் என்கிற விலங்குப் பசை வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள், அது சூட்டிலும் ஈரத்திலும் மறுபடி இளகும். உப்பிய இடத்தில் ஈரத்துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியைச் சில நொடி வைத்து எடுத்து, உடனே மெழுகுத்தாள் வைத்து அதன் மேல் கனமான பொருளை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். பாலிஷ் அரக்காக இருந்தால் சூட்டில் வெளுத்துப்போகும், அந்த இடத்தை மறுபடி பாலிஷ் போட வேண்டியிருக்கும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரக்கா என்று பார்க்க, மேசையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள், பிசுபிசுத்தால் அரக்குதான்.

நூல்கண்டு
ஸ்பிரிட் என்றதும் வயிறு கலங்குகிறது. தலையின் கறுப்பு உடம்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டேன். ஒரு பக்கம் தங்கப் பூவெல்லாம் வெள்ளி நிறமாகிவிட்டது. அழுக்கு போகிறது என்று சந்தோஷமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மரத்தூள்
ஐயோ. பூவின் மேல் இருந்த தெளிபூச்சு ஸ்பிரிட்டில் கரைந்து, தங்க நிறமும் அதோடு போயிருக்கிறது. போனது வராது. மிச்சமிருப்பதை மிஷின் ஆயில் தொட்ட பஞ்சால் மட்டும் தொடுங்கள், அம்மோனியா கலந்த எதுவும் வேண்டாம்.

நூல்கண்டு
தட்டைக் கழற்றினேன். பழுப்பு நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி, அரை விரல் நீளம், பல்லின் வரி அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. துணி என்றே நினைத்தேன், பிய்த்துப் பார்த்தால் முழுக்கப் பிசிறு. எடுத்ததும் வீலை ஒரு விரலால் சுற்ற முடிகிறது. வாஷரையும் திருப்பி மாட்டினேன், வீல் தனியாகச் சுற்றுகிறது, பாபினும் சுற்றியாயிற்று. ஆனால் தைத்தால் துணிக்கு அடியில் வளையம் வளையமாக நூல் தொங்குகிறது.

பித்தளைத் திருகு
அடியில் வளையம் என்றால் முதலில் மேல்நூலைத்தான் சந்தேகப்பட வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்துப் பாருங்கள், அப்போதுதான் மேல்நூலை இறுக்கும் இழுவைத் தட்டுகள் விரிந்து நூல் நடுவே இறங்கும். ஊசியின் நீள வாய்க்கால் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும். சிங்கர் 15-ல் வலமிருந்து இடம்.

நூல்கண்டு
இடமிருந்து வலம் கோத்திருந்தேன். மாற்றினேன், தையல் விழுகிறது. மேசைக்கு இஸ்திரிப்பெட்டியை ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன், வெளுத்துப்போனால் திரும்பி வருவேன்.