ஹெல்மெட் இல்லாத பெரியவரைத் திருப்பி அனுப்பியது சரியா?

கேரியர்காரன்:
போன ஞாயிறு காலை ஐந்தேகாலுக்குத் திருவான்மியூரில் இருந்து மாமல்லபுரம் கிளம்பிய ஒரு சைக்கிள் குழுவோடு போனேன். பக்கத்துத் தெருப் பெரியவரையும் கூட்டிப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற தபால்காரர், வயது 66. வண்டி பழைய ஹெர்குலிஸ். டைனமோ இன்றும் பளிச்சென்று எரிகிறது. குழுவை நடத்துபவர் அவர் தலையைப் பார்த்தார். "ஹெல்மெட் இல்லாம ரைடு கிடையாது சார்" என்றார். பெரியவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நீங்க போயிட்டு வாங்க தம்பி" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டார். நானும் போய்விட்டேன். அதுதான் உறுத்துகிறது.

அதே கூட்டத்தில் மூன்று பேர் பின்விளக்கு இல்லாமல் வந்திருந்தார்கள். லட்ச ரூபாய் வண்டிகள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 129ஆவது பிரிவு ஹெல்மெட் கேட்பது மோட்டார் சைக்கிளுக்குத்தான், சைக்கிளுக்கு இல்லை. அப்புறம் எதற்கு இந்த விதி?

வேகமானி:
அது என் குழு இல்லை. ஆனால் நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். முப்பது பேரைக் கூட்டிப் போகிறவனுக்குத்தான் அந்தக் கவலை தெரியும். யாராவது விழுந்தால் வீட்டுக்குப் போன் போடப் போவது அவன்தானே.

பந்தய வீரர்களும் ஒரு காலத்தில் உங்களைப் போலத்தான் பேசினார்கள். 1991இல் பிரான்சில் நடந்த பாரி-நீஸ் சைக்கிள் பந்தயத்தில் ஹெல்மெட் கட்டாயம் என்றதும் வண்டியை நிறுத்திப் போராடினார்கள். விதி பின்வாங்கியது. 2003இல் அதே பாரி-நீஸில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து மறுநாள் இறந்தார். அந்த மே மாதமே உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூ.சி.ஐ. கட்டாயமாக்கியது. அப்போதும் கடைசி மலையேற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்றொரு சலுகை வைத்தார்கள். பிறகு அதுவும் போயிற்று.

கேரியர்காரன்:
மலை இறக்கத்தில் 80, 90 கி.மீ. வேகத்தில் பாய்கிறவர்களுக்கான விதியை 14இல் போகிறவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? அந்த வேகத்தில் ஹெல்மெட்டும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2011 இத்தாலிச் சுற்றில் வவுட்டர் வெய்லாண்ட், 2023 சுவிஸ் சுற்றில் ஜினோ மேடர், இருவருமே ஹெல்மெட் போட்டிருந்தும் விழுந்து இறந்தவர்கள்தான்.

பிரேக்கட்டை:
நான் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். ஹெல்மெட்டும் விற்கிறேன், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேரியர்காரன் அண்ணே, நீங்கள் சொல்வது தலைகீழ். இ.என். 1078 என்ற ஐரோப்பியத் தரத்தில் ஹெல்மெட்டைப் பொம்மைத் தலையில் மாட்டி, சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து இரும்புத் தட்டின் மேல் போடுவார்கள். மோதும் வேகம் மணிக்கு 20 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதாவது நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தால் தலை தரையில் எந்த வேகத்தில் இடிக்குமோ, ஏறக்குறைய அந்த வேகம். நாய் குறுக்கே வந்தது, ஓர மணலில் டயர் வழுக்கியது, பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது என்று விழுகிறோமே, அந்த விழுகைக்குச் செய்த பொருள் அது. மெதுவாகப் போகிற பெரியவருக்குத்தான் அது சரியாகப் பொருந்தும். லாரி இடித்தால் தாங்கும் என்று எந்தத் தரமும் சொல்லவில்லை.

ஆனால் போடுகிறவர்களில் பாதிப் பேர் பிடரியில் தொங்கவிட்டு வருகிறார்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல், தாடை வாரில் இரண்டு விரல், அவ்வளவுதான் இடைவெளி. உள்ளே இருப்பது தெர்மாகோல் மாதிரியான பொருள். ஒருமுறை நசுங்கினால் மீண்டு வராது. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட வேண்டும். மகனுக்கு வைத்துக் கொடுக்கக் கூடாது.

செயின்கவர்:
என் மகள் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. விலையில்லா சைக்கிள் வந்தது, ஹெல்மெட் வரவில்லை. நானே வாங்கிக் கொடுத்தேன். இரட்டைப் பின்னல் மடித்துக் கட்டிய தலையில் அது உட்காரவே இல்லை. பள்ளியில் வைக்கவும் இடமில்லை. மூன்றாம் நாளில் இருந்து பரண்மேல் கிடக்கிறது. இனி ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளை எடுக்காதே என்று நான் கறாராகச் சொன்னால் அவள் பஸ்ஸுக்குப் போய்விடுவாள்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1990இல் கட்டாயமாக்கிய பிறகு பதின்வயதுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது நன்றாகக் குறைந்தது. அமெரிக்காவில் சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டியில் 2022இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். வீடற்றவர்களும் கறுப்பினத்தவரும்தான் போலீஸிடம் அதிகம் மாட்டினார்கள் என்பது காரணம். திருவான்மியூரிலும் மாட்டியது ஹெர்குலிஸ்காரர்தானே?

எனக்குப் பயம் பின்னால் வரும் தண்ணீர் லாரியை நினைத்துத்தான்.

வேகமானி:
அங்கே அபராதம் போட்டது போலீஸ். இங்கே யாரும் அபராதம் போடவில்லையே, எங்களோடு வராதீர்கள் என்றுதான் சொன்னார்கள். விக்டோரியாவில் தலைக்காயம் குறைந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செயின்கவர்:
ஓட்டுகிறவர்கள் குறைந்தால் விழுகிறவர்களும் குறைவார்கள் சார்.

மூணாவதுகியர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அந்த டைனமோ டயரில் உரசுகிற பாட்டில் மாடலா? இப்போதும் கிடைக்கிறதா?

பிரேக்கட்டை:
பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் அதில் ஒரு சங்கதி இருக்கிறது. சக்கரம் நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும், சிக்னலில் இருட்டுதான். பல வண்டிகளில் முன்விளக்கு மட்டும்தான் அதில் எரியும். கேரியர்காரன் அண்ணே, பெரியவர் வண்டியில் பின்னால் எரிகிறதா?

கேரியர்காரன்:
இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இல்லை. மட்கார்டில் ஒரு சிவப்புக் கண்ணாடி, அதுவும் பாதி உடைந்தது. மூன்று பேரைக் குறை சொன்னேன், நான்காவது ஆளைக் கூட்டிப் போனதே நான்தான்.

வேகமானி:
இதை எழுத நெஞ்சுரம் வேண்டும். நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பின்விளக்கு இல்லாத மூவரை விட்டது தப்பு. பி.ஆர்.எம். என்ற நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு, 200 கி.மீ. போனால் விளக்கு, ஒளிரும் மேலங்கி எல்லாம் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். விடியுமுன் கிளம்பும் குழு ஹெல்மெட்டை மட்டும் பார்ப்பது அரைகுறை வேலை. ஆனால் ஹெல்மெட் விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

கேரியர்காரன்:
பெரியவரிடமும் பேசினேன். பேட்டரிப் பின்விளக்கு வாங்கித் தருகிறேன் என்றதற்குச் சரி என்றார். ஹெல்மெட் பற்றிக் கேட்டேன். "போட மாட்டேன்னு நான் எப்போ சொன்னேன்? வாங்கிட்டு அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பேனே" என்றார். இனி அந்தக் குழுவோடு வர மாட்டாராம். இந்த ஞாயிறு நாங்கள் இருவர் மட்டும் முட்டுக்காடு வரை.

வேகமானி:
சாலையின் இடது ஓரத்தில் மணல் கிடக்கும், கவனம். அவர் தலை அளவு என்ன? என்னிடம் 58 செ.மீ. ஹெல்மெட் ஒன்று சும்மா கிடக்கிறது.

பிரேக்கட்டை:
கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி. அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் எத்தனை தடவை விழுந்திருக்கிறீர்கள்?